காம்பில் முளைக்கும் குட்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விலங்குகளின் பெயர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில், கங்காருக் குட்டி பைக்குள் பிறப்பதில்லை, வெளியே பிறந்து தானாக ஏறிப் பைக்குள் போகிறது என்று ஒரு வரி வருகிறது. குட்டி தாயின் காம்பிலேயே முளைக்கிறது என்று பழைய டச்சு மாலுமி ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் கண்ணால் பார்த்தவர் என்கிறார் என் நண்பர். எது சரி?

கங்காரு போன்ற பைப்பாலூட்டிகள் பாதி வழியில் நின்றுபோன பாலூட்டிகள் என்று பள்ளியில் படித்தேன். அது இன்னும் செல்லுபடியாகிறதா? கூடவே சில சில்லறைக் கேள்விகள். மழை பெய்தால் பைக்குள் தண்ணீர் தேங்காதா? உள்ளேயே கிடக்கும் குட்டியின் மலஜலம் என்ன ஆகிறது? வண்டியில் அடிபட்டு இறந்த தாயின் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம் என்கிறார்களே, அப்படி ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொல்வது பிரான்சிஸ்கோ பெல்சார்ட்டை. அவர் மாலுமி அல்ல, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர். 1629-இல் அவர் பொறுப்பில் வந்த பட்டாவியா என்ற கப்பல் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் அப்ரோலோஸ் தீவுகளில் மோதி உடைந்தது. அந்தத் தீவுகளில் திரிந்த, இன்று டாமர் வாலபி என்று அழைக்கப்படும் சிறிய கங்காரு இனத்தின் பையைத் திறந்து பார்த்து, அவரை விதை அளவுக் குட்டி காம்போடு ஒட்டியிருப்பதைக் கண்டு, இது காம்பிலிருந்துதான் வளர்கிறது என்று எழுதிவிட்டார்.

அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. குட்டி காம்பைக் கவ்வியதும் காம்பின் நுனி அதன் வாய்க்குள் குமிழ் போலப் பருத்துவிடுகிறது. வாயோரங்களும் மூடிக்கொண்டு, காம்பு நுழைய ஒரு துளை மட்டும் மிஞ்சுகிறது. இழுத்தால் வராது, பலமாக இழுத்தால் இரத்தம் கசியும். கிளையில் காய் தொங்குவதுபோல் வாரக்கணக்கில் அப்படியே தொங்கும். பிறப்பை நேரில் பார்க்காத எவருக்கும் பெல்சார்ட்டுக்குத் தோன்றியதுதான் தோன்றியிருக்கும். பார்த்தது சரி, ஊகித்தது தவறு.

செங்கங்காருவை எடுத்துக்கொள்வோம். கர்ப்பம் 33 நாள். பிறப்பதற்குச் சில மணிநேரம் முன்பு தாய் தலையைப் பைக்குள் விட்டு நக்கிச் சுத்தம் செய்கிறாள். பிறகு வாலைக் கால்களுக்கு இடையே முன்னால் நீட்டி, முதுகைச் சாய்த்து உட்காருகிறாள். வெளிவரும் குட்டி 2 செ.மீ.க்கும் சற்றே கூட, ஒரு கிராமுக்கும் குறைவு. கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால்கள் வெறும் மொட்டுகள். ஆனால் முன்னங்கால்களைப் பாருங்கள்: தோள் உருண்டிருக்கும், விரல்கள் பிரிந்திருக்கும், நுனியில் நகம் இருக்கும். மூக்கும் வேலை செய்யும். அந்த இரண்டு கைகளால் தாயின் மயிரை மாறி மாறிப் பற்றி, நீச்சலடிப்பதுபோல் உடலை இருபுறமும் அசைத்து, சில நிமிடங்களில் பை வாயை எட்டி, உள்ளே இறங்கி, நான்கு காம்புகளில் ஒன்றைப் பிடித்துவிடுகிறது. தாய் நக்கிப் பாதை போட்டுக் கொடுக்கிறாள் என்று சொல்வார்கள். அவள் நக்குவது பிரசவ நீரைச் சுத்தம் செய்யத்தான். ஏறுவது முழுக்கக் குட்டியின் பாடு. நழுவிக் கீழே விழுந்தால் அவள் எடுத்து வைப்பதில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் இரண்டு குழாய்கள் நம்மைப் போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் கருப்பைக் குழாய்களுக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போகின்றன. அதனால் கருவளர்ச்சியின்போது இடது வலது கருப்பைக் குழாய்கள் நடுவில் ஒன்றுசேர்ந்து ஒரே அகலப் பாதையாக முடிகிறது. பைப்பாலூட்டிகளில் சிறுநீர்க் குழாய்கள் இவற்றுக்கு நடுவே புகுந்து போகின்றன. குறுக்கே வேலி போட்டதுபோல. இணைய முடியாத இரு பக்கமும் தனித்தனியாகவே நின்றுவிட, கருப்பை இரண்டு, பக்கவாட்டு யோனிகள் இரண்டு. விந்து அந்த இரண்டு வழியாக மேலே போகிறது. குட்டி வருவதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு குறுகிய வழி திறக்கிறது. பல இனங்களில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அது புதிதாகத் திறந்து மூடுகிறது. கங்காருக்களில் முதல் பிரசவத்துக்குப் பிறகு திறந்தே இருந்துவிடுகிறது. பயறு அளவுக் குட்டிக்கு அந்த வழி தாராளம், பெரிய தலையோடு வரும் குட்டிக்கு நடக்காத காரியம்.

பைப்பாலூட்டி என்ற பெயரே நம்மைத் தப்பான இடத்தில் பார்க்க வைக்கிறது என்பது என் எண்ணம். பை ஒரு கூடுதல் வசதி. கதாநாயகன் பால்தான். நாம் நஞ்சுக்கொடி வழியாகக் கொடுப்பதில் பெரும்பகுதியை இவை காம்பு வழியாகக் கொடுக்கின்றன. தொடக்கத்தில் சுரக்கும் பால் நீர்த்தது, சர்க்கரை அதிகம், கொழுப்பு மிகக் குறைவு. குட்டி பையிலிருந்து தலை நீட்டும் பருவத்தில் சர்க்கரை சரிந்து கொழுப்பும் புரதமும் ஏறிவிடும். இதைத் தீர்மானிப்பது குட்டி அல்ல, பால்சுரப்பி. டாமர் வாலபிகளில் இளம் குட்டியை எடுத்து, பிந்தைய பருவப் பால் சுரக்கும் வேறொரு தாயின் காம்பில் மாற்றிப் பார்த்தார்கள். குட்டி வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. நம் கருப்பைக்குள் நடக்கிற காலக்கணக்கு அங்கே மடியில் நடக்கிறது.

இன்னும் வியப்பானது ஒன்று. செங்கங்காரு பிரசவித்த ஓரிரு நாளில் மறுபடி இணை சேர்கிறது. கரு உருவாகி, ஏறக்குறைய 100 செல்கள் கொண்ட சிறு உருண்டையாக ஆனதும் அப்படியே நின்றுவிடுகிறது. வளர்வதும் இல்லை, அழிவதும் இல்லை. பையில் இருக்கும் குட்டி விடாமல் சப்புவதால் தாயின் உடலில் ஊறும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதைப் பூட்டி வைக்கிறது. குட்டி வளர்ந்து சப்புவது குறைந்ததும் பூட்டு கழல்கிறது. சுமார் 235-ஆம் நாள் மூத்தது பையைவிட்டு நிரந்தரமாக வெளியேற, ஓரிரு நாளில் அடுத்தது பிறந்து உள்ளே ஏறுகிறது. மூத்தது அதற்குப் பிறகும் சில மாதம் தலையை மட்டும் பைக்குள் விட்டு, தன் பழைய நீண்ட காம்பில் குடிக்கிறது. ஒரே பையில் பக்கத்துப் பக்கத்துக் காம்புகளில் ஒன்றுக்குத் தண்ணீர்ப் பால், இன்னொன்றுக்குக் கொழுப்புப் பால், அதே நேரத்தில் கருப்பையில் தூங்கும் ஒரு கரு. இரண்டுக்கும் காம்பு மாறினால் குழப்பம்தான், மாறுவதில்லை.

இது பிழைக்கும் கணக்கும்கூட. வறட்சி வந்து புல் காய்ந்தால் பால் வற்றும், பைக்குட்டி சாகும். சப்புவது நின்றதும் தூங்கிய கரு விழிக்கும், சுமார் ஒரு மாதத்தில் அடுத்தது காம்பில் இருக்கும். அதற்குள் மழை வந்திருந்தால் அது பிழைக்கும். வரவில்லை என்றால் அதுவும் போகும், இன்னொன்று வரும். வறட்சி நீண்டால் தாய் சினைப்படுவதையே நிறுத்திவிடுவாள். ஒரு கிராம் குட்டியை இழப்பதில் அவளுக்கு நட்டம் சொற்பம். பெரிய கருவைச் சுமந்து வறட்சியில் மாட்டிக்கொள்ளும் மானின் நிலை அதுவல்ல.

மழைக்கு வருவோம். கங்காருவின் பை வாய் முன்னால் மேல்நோக்கி இருந்தாலும் தொளதொளத்த சட்டைப் பை அல்ல அது. வாயைச் சுற்றிச் சுருக்குத் தசை இருக்கிறது, சுருக்குப் பையின் கயிறு போல. சின்னக் குட்டி இருக்கும்போது அது இறுகியே இருக்கும். உள்ளே மயிர் அதிகம் இல்லாத, வெதுவெதுப்பான ஈரத் தோல். நனைவது வெளி மயிர்தான். நாய் துரத்தும்போது இதே தசை தளர்ந்து குட்டி விழுந்துவிடுவதுண்டு. தாய் குட்டியைத் தூக்கி எறிந்து தப்புகிறாள் என்று பரவும் செய்தி இதிலிருந்து வந்தது. எறிவதற்கு அவள் கையைப் பயன்படுத்துவதில்லை, பிடி விட்டுப் போகிறது.

மலஜலம்: சிறிய குட்டி தானாகக் கழிப்பதில்லை. தாய் தலையை உள்ளே விட்டு அதன் பின்புறத்தை நக்கும்போதுதான் கழிக்கிறது, அதை அவளே விழுங்கிவிடுகிறாள். கொடுத்த தண்ணீரில் ஒரு பங்கு அவளுக்கே திரும்புகிறது, வறண்ட நாட்டில் அது சின்ன விஷயமல்ல. பிறந்த குட்டிக்குச் சொந்த நோயெதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. பாலில் வரும் எதிர்ப்பொருட்களும் பைத் தோலின் கிருமியெதிர்ப்புச் சுரப்பும்தான் காவல். குட்டி வளர்ந்து போய்வரத் தொடங்கியதும் மண்ணும் புல்லும் உள்ளே சேரும், வாடையும் வரும். தாயும் அடிக்கடி தலையை விட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

பையின் வாய் எந்தப் பக்கம் என்பது விலங்கு செய்யும் தொழிலைப் பொறுத்தது. வளை தோண்டும் வாம்பட்டுக்கு வாய் பின்பக்கம், இல்லையென்றால் தோண்டிய மண் எல்லாம் குட்டியின் முகத்தில். பெருச்சாளி போலிருக்கும் பாண்டிகூட்டுக்கும், மண்ணுக்கடியில் வாழும் பை அகழெலிக்கும் அப்படியே. (பாண்டிகூட் என்ற பெயர் தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி. இங்கிருந்து கப்பலேறிப்போய், உறவே இல்லாத ஒரு விலங்கின் தலையில் உட்கார்ந்துவிட்டது.) மரத்தில் வாழும் கோவாலாவுக்கும் கீழ்நோக்கிய வாய்தான். மரமேறிக்கு இது பொருந்தாத அமைப்பு. வாம்பட்டுக்கும் அதற்கும் மூதாதை ஒன்று என்பதன் மிச்சம். ஆனால் அதிலும் ஒரு ஆதாயம் பிறந்திருக்கிறது. ஆறு மாதக் குட்டி பையிலிருந்தே தலையை நீட்டி, தாய் வெளியேற்றும் கூழ் போன்ற ஒருவகை மலத்தைத் தின்கிறது. யூகலிப்டஸ் இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வருகின்றன. அது கிடைக்காத குட்டிக்கு இலை உணவு ஒத்துவராது.

ஒபோஸங்கள் அமெரிக்கக் கண்டங்களின் பைப்பாலூட்டிகள். தென் அமெரிக்காவின் நீர் ஒபோஸமான யாப்போக் நீந்தும்போது பை வாயை நீர் புகாதபடி இறுக்கி மூடுகிறது. ஆணுக்கும் பை உண்டு, நீரில் விரைப்பையைச் செருகிக்கொள்ள. மறுபுறம், கறையான் தின்னும் நம்பட்டுக்குப் பையே இல்லை. குட்டிகள் தாயின் வயிற்று மயிரில் வெளிப்படையாகத் தொங்குகின்றன. அமெரிக்காவின் சின்ன ஒபோஸங்கள் பலவற்றுக்கும் இல்லை. பை இல்லாத பைப்பாலூட்டி. பெயர் வைத்தவர்களைச் சும்மா விடுவோம்.

காம்புக் கணக்கு கடுமையானது. வர்ஜீனியா ஒபோஸம் 12, 13 நாளில் 20 குட்டி வரை போடும், காம்பு வழக்கமாக 13. டாஸ்மேனியப் பேய் என்ற ஊனுண்ணிப் பிராணி 20-க்கு மேல் போடும், காம்பு நான்கே. முதலில் ஏறியது பிழைக்கும். மற்றவை அன்றே முடிந்தன.

இப்போது உங்கள் "பாதி வழியில் நின்றவை". பைப்பாலூட்டிகளின் வழியும் நம் வழியும் பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் இரு தரப்பும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அவை நம் பழைய வடிவம் அல்ல, ஒன்றுவிட்ட உறவு. அமெரிக்காவில் கிளைத்து, தென் அமெரிக்காவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த காலத்தில் அண்டார்டிகா வழியே நடந்தே போயின. அண்டார்டிகாவின் சீமோர் தீவில் அவற்றின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. இன்று 330-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கக் கண்டங்களில். சிலியின் மழைக்காட்டில் குளிர்காலம் முழுக்க உறங்கும் மோனிட்டோ என்ற சுண்டெலி அளவுப் பிராணி, பக்கத்து ஒபோஸங்களைவிடக் கங்காருவுக்கு நெருக்கமானது.

குறை என்று ஒன்று உண்டென்றால் அது அந்த முதல் ஏற்றத்தில் இருக்கிறது. பிறந்தவுடன் ஏறியே ஆக வேண்டிய குட்டிக்குப் பற்றிப் பிடிக்கும் கை கட்டாயம். கருவிலேயே துடுப்பாகவோ இறக்கையாகவோ குளம்பாகவோ கை திரிந்தால் காம்பை எட்ட முடியாது. பைப்பாலூட்டிகளில் திமிங்கிலமும் வௌவாலும் இல்லாததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. சறுக்கிப் பறப்பதற்குத் தடையில்லை. கை கையாகவே இருக்க, மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் நடுவே தோல் விரிந்தால் போதும். சுகர் கிளைடர் அப்படித்தான் மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை போகிறது.

மற்றபடி செய்யாத தொழில் இல்லை. தேன் போஸம் என்ற சின்ன ஆஸ்திரேலியப் பிராணி சுமார் 10 கிராம் எடை, தேனும் மகரந்தமும் மட்டுமே உணவு. நம்பட் ஒரு நாளில் 20,000 கறையான் வரை தின்கிறது. வாம்பட் கனசதுரமாகச் சாணமிடுகிறது. ஆசனவாய் சதுரமல்ல. குடலின் கடைசிப் பகுதியில் சுவர் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் சில பட்டைகள் விறைப்பாகவும் சில நெகிழ்வாகவும் இருக்கின்றன. விறைப்பான இடம் சட்டென்று சுருங்க, நெகிழ்ந்த இடம் மெல்லச் சுருங்க, உலர்ந்த சாணத்தில் மூலை விழுகிறது. உருளாத சாணம், பாறை மேலும் கட்டை மேலும் வைத்த இடத்தில் நிற்கும், எல்லைக் குறிக்கு வாகானது.

ஆன்டெக்கினஸ் என்ற எலி போன்ற பிராணியின் ஆண்களை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு இணைசேர்க்கைக் காலம், இரண்டு மூன்று வாரம். தொடங்கும் முன்பே விந்து உற்பத்தி நின்றுவிடும், கையிருப்பில்தான் எல்லாம். ஒரு சேர்க்கை 14 மணிநேரம் வரை நீளும். அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறிக்கொண்டே போகும், அதைக் கட்டிவைக்கும் இரத்தப் புரதமோ அந்த நேரம் பார்த்துக் குறையும். மயிர் உதிர்ந்து, வயிற்றில் புண்ணாகி, நோயெதிர்ப்பு உடைந்து, ஒரு வயது நிறையும் முன் அந்தத் தலைமுறை ஆண்கள் அத்தனையும் செத்துப்போகும். குட்டிகள் பால்குடி மறக்கும் காலத்தில்தான் பூச்சிகள் பெருகும். அந்த ஒரே பருவத்துக்காக எல்லாப் பெண்களும் ஒன்றாகச் சினைப்படுகின்றன. ஆண்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது, உடலைச் சேமித்து என்ன பயன்?

கடைசிக் கேள்விக்கு. ஆஸ்திரேலியச் சாலையோரத்தில் இறந்த கங்காரு, வாம்பட், மரமேறும் போஸம் எதைக் கண்டாலும் முதலில் வண்டியைப் பத்திரமாக நிறுத்துங்கள். மீட்கப் போய் அடிபடுகிறவர்கள் உண்டு. பையை மெதுவாக விரல்களால் விரித்துப் பாருங்கள், வாம்பட்டுக்குப் பின்பக்கம் என்பது நினைவிருக்கட்டும். வயிறு தட்டையாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், விரல் நீளக் குட்டி வெளியே தெரியாது. பை காலியாக இருந்து ஒரு காம்பு மட்டும் நீண்டிருந்தால் வளர்ந்த குட்டி பக்கத்துப் புதரில் இருக்கலாம்.

குட்டி காம்பை விடாமல் பிடித்திருந்தால் இழுக்கவே கூடாது. மேற்சொன்ன குமிழ் வாயையும் அண்ணத்தையும் கிழித்துவிடும். தாய் போஸம் போலச் சிறியதென்றால் தாயோடு சேர்த்தே கொண்டு போய்விடுங்கள். பெரிய கங்காரு என்றால் காம்பைத் தாயின் உடலை ஒட்டி, குட்டியின் வாயிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும். வாயில் தொங்கும் துண்டின் நுனியை ஊக்கால் துணியில் குத்திவிட வேண்டும். குத்தாவிட்டால் காம்பு தளரும்போது குட்டி அதை விழுங்கி மூச்சடைக்கும்.

அடுத்தது சூடு. மயிர் முளைக்காத குட்டிக்கு 32 முதல் 34 பாகை செல்சியஸ், மயிர் வந்ததற்கு 28 அளவு. துணிப்பையில் போட்டு உங்கள் சட்டைக்குள் வைத்துக்கொள்வது கைவசம் உள்ள எளிய வழி. சுடுநீர்ப் புட்டி வைத்தால் துணி சுற்றி, குட்டி விலகிக்கொள்ள இடம் விட்டு வையுங்கள். அதிகச் சூடும் கொல்லும். இருட்டும் அமைதியும் வேண்டும். கையில் எடுத்துக் கொஞ்சுவதும் படம் எடுப்பதும் வேண்டாம். மிரட்சியிலேயே தசைகள் சிதைந்து சில நாள் கழித்துச் சாவதுண்டு.

பால் கொடுக்க வேண்டாம், பசும்பால் கூடவே கூடாது. அதிலுள்ள லாக்டோஸை இவற்றால் சரியாகச் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வரும், தொடர்ந்து கொடுத்தால் கண்ணில் புரை விழும். குளிர்ந்துபோன குட்டிக்கு எந்த உணவும் செரிக்காது, அதனால் சூடுதான் முதல் உணவு. எந்தப் பருவத்துக்கு எந்தப் பால் என்பது மேலே சொன்ன அதே காலக்கணக்கு. பயிற்சி பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளர்களிடம் பருவம் பார்த்துக் கலக்கும் பால்மாவு இருக்கும், உடனே அவர்களை அழையுங்கள். பொதுவாக உரிமம் இல்லாமல் வீட்டில் வளர்க்கச் சட்டமும் இடம் தராது.

துணிப்பையின் உட்பக்கம் பழகிய பருத்தியாக இருக்கட்டும். கம்பளி வெளிப்பக்கம் போதும். பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும், அதனால் தையலோரங்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் குட்டியை உள்ளே விடுங்கள்.

அன்புடன்.